முப்பத்தெட்டுக் குழிகளின் ஆசிரியர்

எங்கள் ஆய்விதழில் இதுவரை வந்ததிலேயே மிக அசலான கட்டுரை, ஆட்டுக்கு இரண்டு கல்லீரல் உண்டு என்று சொன்ன கட்டுரைதான். தொண்ணூற்றொன்பது சதவீதம் அசல். உலகத்தில் வேறு எவனும் அப்படி எழுதித் தொலைத்திருக்கவில்லை. எழுதியவரைக் கழகத்தின் மண்டபத்தில் நிற்க வைத்து, தோளில் அங்கி போர்த்தி, தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி வைத்து எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்தத் தொண்ணூற்றொன்பதை அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான்.

என் பெயர் தாலாய். கால்நடை அறிவியல் கழகத்தின் அசல்தன்மைப் பிரிவில் வேலை. பிரிவு என்றதும் பெரிதாக எதையோ நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை, ஒரு கணினி, ஒரு நகலெடுக்கும் இயந்திரம், ஒரு வட்ட முத்திரை, நான். சுவரில் 'நகல் எடுப்பவர் திருடர்' என்று ஒரு பலகை. ஆணி அங்கேதான் இருந்தது என்பதால் அதை நகலெடுக்கும் இயந்திரத்துக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள்.

கட்டுரை வந்தால் அதைக் கணினியில் உள்ள சல்லடையில் போடுவேன். சல்லடை என்பது நாங்கள் வைத்த செல்லப் பெயர். நாட்டில் இதுவரை அச்சான அத்தனை ஆய்வுகளும் அதன் வயிற்றில் இருக்கின்றன. எந்த வரி எங்கே முன்பே வந்தது என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அசல் எண்பது சதவீதத்துக்கு மேல் வந்தால் அச்சு. எண்பதுக்குக் கீழே வந்தால் வீட்டுக்கு. இருபதுக்கும் கீழே வந்தால் அந்த அறிக்கைக்குப் பதிவெண் போட்டு, எழுதியவர் பெயரை 'நகலர் பதிவேட்டில்' ஏற்ற வேண்டும். பெயர் ஏறினால் அரசு வேலை போய்விடும். ஆறு வருடமாக அந்தப் பதிவேடு காலியாகத்தான் கிடந்தது. அத்தனை கீழே போகிறவர்களை, உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார் எங்கள் இயக்குநர் சொவெத்பெக் ஜுமாஷெவிச்.

பிப்ரவரியில் ஒரு நாள் புருல் அக்கா வந்தார். கணவாய்க்கு அந்தப் பக்கத்து மாவட்டத்தின் கால்நடை மருத்துவர். ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி. ரப்பர் காலணியிலிருந்து பனி உருகி என் தரையெல்லாம் ஓடியது. ஒன்பது பக்கக் கட்டுரையை இரண்டு கையாலும் நீட்டினார்.

சல்லடையில் போட்டேன். திரை முழுக்கச் சிவப்பு.

"அக்கா, பதினொன்னு."

"பதினொன்னுன்னா? நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

"அப்போ மீதி எண்பத்தொன்பது?"

"திருட்டு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. ரொட்டிக் கடையில் கல்லை நிறுத்துக் கொடுத்தது போல விழித்தார்.

கட்டுரை இதுதான். எழுபது வருடத்துக்கு முன்னால் அவர் மாவட்டத்துப் பள்ளத்தாக்கில் அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் நோய் வந்து மாடும் குதிரையும் கொத்துக் கொத்தாகச் செத்தன. இசாபெக் என்ற மருத்துவர் அவற்றை முப்பத்தெட்டு இடங்களில் புதைக்க வைத்து, எந்த ஊரில் எந்த அடையாளத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று 1956-இல் ஒரு பட்டியல் அச்சிட்டார். அந்த நோயின் கிருமி மண்ணுக்குள் சாகாது. குழியைத் தோண்டினால் எழுந்து வரும், மனிதரையும் விடாது. புருல் அக்கா போன கோடையில் முப்பத்தெட்டுக்கும் நடந்தே போய், அளவு நாடா பிடித்து அளந்து, இசாபெக் எழுதியது ஒன்றுவிடாமல் சரி என்று கண்டிருந்தார். அதைத்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"இசாபெக் எழுதினதுன்னு வரிக்கு வரி நானே போட்டிருக்கேனேப்பா."

"போட்டிருக்கீங்க. மேற்கோள் பத்து சதவீதத்துக்கு மேல போகக் கூடாது."

"குழி நகரலையே தம்பி. நகர்ந்திருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்."

அவருக்கு ஏன் அந்த அவசரம் என்று கேட்டேன். தெகிர்மென் என்ற ஊரில் மழலையர் பள்ளி கட்டப் போகிறார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி அடித்தளம் தோண்டுகிறார்கள். இடம், பதினேழாம் குழிக்கு நேர் மேலே. ஊர்த் தலைவர் ரயிம்பெர்தியிடம் போய் அக்கா பழைய பட்டியலைக் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை, சட்டம் படித்தவர். ஐந்து வருடத்துக்குள் அங்கீகாரம் பெற்ற ஆய்விதழில் வந்தால்தான் ஆதாரம், 1956 காலாவதி என்று சொல்லிவிட்டார். அங்கீகாரம் பெற்ற கால்நடை ஆய்விதழ் நாட்டிலேயே ஒன்றுதான். எங்களுடையது.

விஷயம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. குழு என்றால் மூன்று பேர். இயக்குநர், ஒரு சட்ட ஆலோசகர் அம்மாள், தூங்கும் பேராசிரியர் ஒருவர். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன்.

"இந்தக் கட்டுரையில புதுமை என்னம்மா?" என்றார் இயக்குநர்.

"குழியெல்லாம் இன்னும் அங்கேயே இருக்குங்க. அதான் புதுமை."

"அது புதுமை இல்லம்மா. அது பழமை."

சட்ட ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "குழிகளுக்கு ஆசிரியர் யாரு?"

"எதுக்குங்க?"

"குழிகளுக்கு. முதல்ல வெளியிட்டது யாரு?"

"இசாபெக்குங்க."

"அவர் சம்மதக் கடிதம் குடுத்திருக்காரா?"

"அவர் செத்து அம்பது வருஷம் ஆச்சுங்களே."

"அப்போ சம்மதம் தரலைன்னு எழுதிக்கோங்க, தாலாய்." எழுதிக்கொண்டேன்.

இயக்குநர் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு அவரால் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. "பாருங்கம்மா, உண்மைங்கறது எல்லாருக்கும் பொது. பொதுச் சொத்தை எடுத்து ஒருத்தர் தன் பேர்ல போட்டுக்கிட்டா அதுக்கு என்ன பேரு? நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ இந்த இதழ்ல பாதிக் கட்டுரை திருட்டு. இன்னைக்குத் திருட்டும் இல்ல, அந்தப் பாதிக் கட்டுரையும் இல்ல. இதைவிடச் சுத்தம் எங்கயாவது பார்த்திருக்கீங்களா? 1956-ல மாடு செத்துச்சு, ஒருத்தர் சொல்லிட்டார். முடிஞ்சுது. அதுக்கப்புறம் வேற மாடே சாகலையா?"

தூங்கிய பேராசிரியர் கண்ணைத் திறந்து, "அசலா எழுதிக்கொண்டு வாம்மா," என்றார். கூட்டம் முடிந்தது.

கழகத்துக்கு எதிர்ச் சாரியில் வரிசையாக நகலகங்கள். எல்லாக் கண்ணாடியிலும் 'சதவீதம் ஏற்றித் தரப்படும்' என்று எழுதியிருக்கும். எங்கள் கழகத்தால் வாழும் கடைகள். நான்தான் அக்காவை அங்கே அனுப்பினேன். வேறு என்ன செய்ய? மூன்றாம் நாள் கட்டுரை திரும்பி வந்தது. 'புதைகுழி' என்ற இடமெல்லாம் 'கால்நடைகளின் நிரந்தர ஓய்விடம்' ஆகியிருந்தது. 'இங்கே தோண்டக் கூடாது' என்பது 'தோண்டுவது குறித்த மறுசிந்தனை வரவேற்கத்தக்கது' ஆகியிருந்தது. அக்கா படித்துப் பார்த்து, "இது விருந்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்கேப்பா," என்றார். சல்லடை ஐம்பத்திரண்டு என்றது. எழுத்தெல்லாம் மாறியும் எண்கள் மாறவில்லையே! ஒவ்வொரு வரியிலும் அந்தத் தூரங்கள் சிவப்பாகவே நின்றன.

மார்ச் பிறந்தது. வசந்த இதழுக்கு இரண்டு கட்டுரை குறைந்தது. பக்கம் குறைந்தால் அமைச்சகத்தில் கேள்வி வரும். இயக்குநர் என் அறைக்கே வந்துவிட்டார்.

"அந்தக் குழி அம்மாவோடது எவ்வளவுல நிக்குது?"

"ஐம்பத்திரண்டு, சொவெத்பெக் ஜுமாஷெவிச். எண்ணு இடிக்குது."

"எண்ணை மாத்து."

"அது தூரமாச்சே."

"முன்னூறும் எண்ணுதான், எழுநூறும் எண்ணுதான். தப்பாப் புரிஞ்சுக்காத. நான் உண்மையை மாத்தச் சொல்லல. எண்ணை மட்டும் மாத்தச் சொல்றேன். அந்த அம்மா மேல எனக்கும் இரக்கம் இருக்குடா."

எனக்கும் இரக்கம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கட்டுரை எப்படியாவது வெளிவரட்டும் என்றுதான் செய்தேன். பக்கத்தில் தேநீர்க் கிண்ணம். முப்பத்தெட்டு வரிகளிலும் முதல் இலக்கத்தை மாற்றினேன். பதினேழாவதில் நூற்றெண்பதை நானூற்றெண்பது ஆக்கினேன். இருபத்திரண்டாவதில் நானூற்றுப் பத்தைத் தொள்ளாயிரத்துப் பத்து ஆக்கினேன். ஒன்பது ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை, விரல் அங்கே போனது. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. எண்பத்து மூன்று!

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது அழுதுவிட்டார். அடுத்த பேருந்திலேயே ஒரு பை நிறைய எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகள் அனுப்பினார். எண்களை மாற்றியதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போர்சோக்கைத் தின்றேன்.

இதழ் வெளிவந்து ஐந்தாம் நாள் அவரே அழைத்தார்.

"தாலாய், பதினேழாம் குழி வாய்க்காலைத் தாண்டிப் போயிருக்கே. எப்படிப் போச்சு?"

தெகிர்மெனில் வாய்க்கால், பட்டியலில் அடையாளமாகச் சொன்ன ஆலைக்கல்லிலிருந்து முன்னூறு மீட்டரில் ஓடுகிறது. நூற்றெண்பது இந்தப் பக்கம், நானூற்றெண்பது அந்தப் பக்கம். ரயிம்பெர்தி இதழை வாங்கி, நாடா பிடித்து, அளந்தும் பார்த்துவிட்டாராம். அவர் அக்காவிடம் சொன்னதை அக்கா அப்படியே எனக்குச் சொன்னார். 'கட்டுரை உங்களுது, பேரு உங்களுது, முத்திரையும் இருக்கு. குழி அந்தப் பக்கம், பள்ளி இந்தப் பக்கம். நீங்களே நிம்மதி குடுத்துட்டு நீங்களே வந்து பயமுறுத்தினா எப்படிக்கா?'

"நான்தான் மாத்தினேன்," என்றேன்.

"எத்தனையை?" என்றார்.

"முப்பத்தெட்டையும்."

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "திருத்தம் போடுப்பா. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு," என்றார்.

திருத்தம் எழுதினேன். திருத்தமும் சல்லடைக்குள் போய்த்தான் வர வேண்டும், விதி அப்படி. சரியான எண்களைப் போட்டதும் பூஜ்ஜியம் என்று வந்தது. அறிக்கையை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "தப்பு அசலா இருக்கு. திருத்தம் நகலா இருக்கு. நீயே சொல்லு, நான் எதைப் போடறது?"

"குழந்தைங்க பள்ளிக்கூடம் ஐயா."

"குழந்தைங்கதானே நாளைக்கு இந்த நாட்டோட விஞ்ஞானிங்க? அவங்களுக்கு நாம திருட்டைக் கத்துக் குடுக்கலாமா?" அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் எட்டாம் தேதி மத்தியானம், வெறுத்துப் போய் அக்காவின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடியில் பிப்ரவரி அறிக்கை கிடந்தது. அந்தப் பதினொரு சதவீத அறிக்கை. அதில் வரி வரியாக இப்படி அச்சாகியிருந்தது: 'வரிசை 17. தெகிர்மென், ஆலைக்கல்லிலிருந்து தெற்கே 180 மீட்டர். இது 1956 பட்டியலின் பதினேழாம் வரியோடு முழுமையாகப் பொருந்துகிறது.' கீழே இந்த வருடத் தேதி. இயக்குநரின் கையெழுத்து. நான் குத்திய வட்ட முத்திரை. முப்பத்தெட்டுக் குழிகளும் சரியாக எங்கே இருக்கின்றன என்று அரசாங்கம் சான்று கொடுத்த ஒரே காகிதம் அதுதான். பதிவெண் ஒன்றுதான் இல்லை.

அக்காவை அழைத்துச் சொன்னேன். "ஆனா ஒண்ணு. பதிவெண் போட்டாத்தான் ஆவணம். போட்டா உங்க பேரு பதிவேட்டுல ஏறிடும். வேலை போயிடும்கா. இன்னும் மூணே வருஷம்தான்..."

"மழலையர் பள்ளியில எத்தனை பிள்ளைங்க தெரியுமா?"

"தெரியாது."

"நாப்பத்தொண்ணு. பதிவு பண்ணுடா."

முதல் தடவையாக என்னை 'டா' போட்டார். பதிவேட்டைத் திறந்தேன். ஆறு வருடத் தூசி. முதல் வரியில் அவர் பெயரை எழுதினேன். என் பெயருக்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

பத்தாம் தேதி காலையில் என் பழைய காரில் கணவாய் ஏறி இறங்கினேன். தெகிர்மெனில் மண்வாரி இயந்திரம் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதன் வாளிக்கு நேர் எதிரே அக்கா, மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் கீழே இறங்கி, சூரியகாந்தி விதை கொறித்தபடி, "எழுந்திருங்கம்மா, எனக்கு இன்னைக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கு," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ரயிம்பெர்தியிடம் போய், "எண்ணை மாத்தினது நான்தான்," என்றேன்.

"நீங்க யாரு?"

"அசல்தன்மைப் பிரிவு."

"கட்டுரையில உங்க பேரு இல்லையே. பேரு இல்லாதவர் சொன்னா நான் எப்படி எடுத்துக்கறது?"

அறிக்கையை நீட்டினேன். முதலில் முத்திரையைப் பார்த்தார். பிறகு பதிவெண். பிறகு தேதி. அதன் பிறகுதான் படித்தார், உரக்க. "இந்த அம்மா எழுதினது எண்பத்தொன்பது சதவீதம் திருட்டுன்னு போட்டிருக்கு."

"ஆமாப்பா, திருட்டுத்தான்," என்றார் அக்கா பெட்டியில் இருந்தபடியே.

"பதினேழாம் வரி முழுசும் திருட்டு."

"முழுசும்."

ரயிம்பெர்தி கல்பாக்கைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இல்லாததை எப்படிக்கா திருட முடியும்? அப்போ இந்த நூத்தியெண்பது..." காலடியைப் பார்த்தார். இரண்டு எட்டு பின்னால் போனார். ஓட்டுநர் கொறித்த விதையைத் துப்பிவிட்டு, யாரும் சொல்லாமலே இயந்திரத்தை அணைத்தார்.

பள்ளியை மேட்டுப் பக்கம் மாற்றினார்கள். அந்த அறிக்கையை ரயிம்பெர்தி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, குழியைச் சுற்றிய வேலியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அந்த ஊரில் ஆட்டுக்குட்டியைக்கூட அங்கே விடுவதில்லையாம்.

இருபதாம் தேதி அக்காவின் பணிநீக்க ஆணை வந்தது. அதே வாரம் கழகத்தில் விழா. நாட்டின் முதல் நகலரைக் கண்டுபிடித்ததற்காக அமைச்சகம் எங்கள் இயக்குநருக்கு அங்கி போர்த்தியது. "ஆறு வருஷமா வலை போட்டுக் காத்திருந்தோம், கடைசியில மீன் மாட்டிச்சு," என்று பேசினார். மண்டபமே தட்டியது. என் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். என் துணிச்சல் அவ்வளவுதான்.

பதினேழு தப்பித்தது. மற்ற முப்பத்தேழும் எங்கள் வசந்த இதழில் தப்பான இடத்தில்தான் கிடந்தன, நாடு முழுக்க நூலகங்களிலும் ஊர் அலுவலகங்களிலும். அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, அந்த அறிக்கையின் கோப்புப் பிரதியை நகலெடுக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தேன். முப்பத்தேழு பிரதி. தலைக்கு மேலே 'நகல் எடுப்பவர் திருடர்' என்று பலகை. ஒவ்வொன்றிலும் அந்தந்த ஊரின் வரிக்கு அடியில் கோடு போட்டு, தபாலில் சேர்த்தேன்.

மே இரண்டாம் வாரம் ஒரு அழைப்பு. இருபத்திரண்டாம் வரியின் ஊர். மேய்ப்பர் ஒருவரின் தம்பி பேசினார்.

"காகிதம் இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சுங்க. ஆனா தீவனக் குழி போன வாரமே வெட்டிட்டோமே. உங்க இதழைப் பார்த்துத்தான் இடம் பிடிச்சோம். ஏதோ எலும்பு கிலும்பு வந்துச்சு, ஒதுக்கிட்டோம். அண்ணனுக்குக் கையில ஒரு புண்ணு. நடுவுல கறுப்பா இருக்கு. வலியே இல்லைங்கறாரு. வலி இல்லைன்னா ஒண்ணும் இல்லைதானுங்களே?"

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். ஊரில் வண்டி எதுவும் கிடைக்காது என்றார். புருல் அக்கா வேலை போன பிறகு தலைநகரில் மகள் வீட்டில் இருந்தார். அவரை அழைத்தேன்.

"எந்தக் குழி?"

"இருபத்திரண்டு."

"பாலத்திலருந்து கிழக்கே நானூத்திப் பத்து," என்றார், காகிதம் எதுவும் பார்க்காமல். பிறகு, "நீ என்ன போட்டிருந்தே?"

"தொள்ளாயிரத்துப் பத்து."

"வண்டியை எடு. பென்சிலினை நான் வாங்கி வைக்கறேன்."

அரை மணியில் அவர் வாசலில் போய் நின்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அழுகையாக வந்தது, சாலையைப் பார்த்துக்கொண்டேன். கணவாய் ஏறத் தொடங்கியதும், "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிக்கோ," என்று சொல்லிவிட்டு முதல் குழியிலிருந்து ஆரம்பித்தார். ஊர், அடையாளம், திசை, தூரம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் ஒரு எண்கூட மாற்றாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.